எட்டாவது ஓட்டை

சிலேத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.
மழை விட்ட காலை.
மணல்மேட்டைப் பார்த்தபடி
வாலைத் தூக்கிக் கட்டிய குண்டு விமானம்.
அதற்கு இரண்டு இலை வைத்த மரக்காத்தாடி.
காத்தாடியின் முகத்தில் பலகை மாட்டுவது நான்:
வட்டமாய் அறுத்த ஒட்டுப்பலகை,
இலையின் விளிம்பு வரும் இடத்தில்
சுண்ணாம்புக் கோடு.

இயந்திரம் உறுமும். இலைகள் இரண்டும் புகையாகும்.
பின்னாலிருந்து துப்பாக்கி பேசும்,
ஒவ்வொரு குண்டாக,
ஓர் இலை போன பிறகு
மறு இலை வருவதற்குள்.
குழாய்க்குள் எண்ணெய் ஓடி விசையிடம் சொல்லுமாம்,
இப்போது, இப்போது வேண்டாம் என்று.
கிராணி வியந்து வியந்து விளக்கினார்.
எனக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.
மண்டோர் முத்துக்கருப்பன் திட்டி முடித்து
மூச்சு வாங்கும் நொடியில்
பாக்கிச் சம்பளம் கேட்டுப் பழகியவன்.

சுட்டு ஓய்ந்ததும் போய் எண்ண வேண்டும்.
வழக்கமாக ஏழு. ஒரே கொத்து,
கோட்டுக்கு அப்பால் ஒரு சாண்.
அன்றைக்கு எட்டு.
எட்டாவது தனியே, கொத்தை விட்டு விலகி,
கோட்டுக்கும் அதற்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழையவில்லை.

சார்ஜன்ட் பிரிஸ்காட் கையெழுத்துப் போட்டாயிற்று.
பேசாதே என்றது மண்டோரின் கண்.
மேலே, கடலுக்கு மேலே,
ஒரு சுண்டுவிரல் எந்த மூலைக்கு?
துரை சிகரெட்டை உறிஞ்சினார்.
புகை உள்ளே போய்
வெளியே வருவதற்குள் சொன்னேன்:
"எயிட், சார்."

வந்தார். குனிந்தார். விரலை வைத்து அளந்தார்.
தாளைக் கிழித்தார்.
என்னை ஒன்றும் சொல்லவில்லை, நல்லதும்கூட.
சாயங்காலம் பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார்:
எடுத்துக்கொண்டு போ.

லைன் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு
மூடி இல்லாமல் இருந்தது.
"முறுக்கு அச்சா கொண்டாந்திருக்கே?" என்றாள் பவளாயி.
ஆனாலும் அளவு அச்சாகப் பொருந்தியது.
பத்தாம் நாள் கொசு இன்ஸ்பெக்டர் வந்தார்,
டார்ச்சு அடித்து உள்ளே பார்த்தார்,
நெளிகிற புழுவைக் கரண்டியில் அள்ளிக் காட்டினார்.
அபராதம் இரண்டு வெள்ளி.
நாலு நாள் கூலி.
ரசீதில் குற்றம்: மூடியில் ஓட்டை.

ரப்பர் மரத்தில் முளை செதுக்கி
ஏழை அடைத்துவிட்டேன்.
எட்டாவதில் பலகை விரிந்திருக்கிறது, முளை நிற்பதில்லை.
துணி சுருட்டிச் செருகியிருக்கிறோம்.

சுட்ட குண்டெல்லாம் மணலில்தான் கிடக்கிறது.
சனிக்கிழமை சலித்து ஈயம் பொறுக்குவதும் நாங்களே.
நசுங்கியது, வளைந்தது, சில
புத்தம் புதிதாய்,
எதையும் தொடாதது போல.
இத்தனை நேரம் பார்த்து, இலைக்கு வலிக்காமல்
மேலே இவை யாருக்குப் போகும்?
அதைக் கேட்க ஓர் இடைவெளி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
துரை சிகரெட்டை விட்டுவிட்டார்.
இப்போது சூயிங்கம்.
வாய் நிற்பதே இல்லை.