கதவுக்கு ஒரு கைப்பிடி

மேடையில் கதவு இருந்ததில்லை.
பத்தொன்பது டிசம்பர்
காற்றைத்தான் தட்டினான் மகன்.
பக்கத்திரைக்குப் பின்னால் நின்று
மரக்கட்டையில் டக் டக் என்று ஒலி கொடுத்தவள் நான்.
அவன் கையும் என் கட்டையும்
ஒரு வருஷம்கூடச் சேர்ந்து விழுந்ததில்லை.
சபையில் யாரும் குறை சொன்னதுமில்லை.

இப்போது கலை இயக்குநர் கேட்கிறார்:
கைப்பிடி இடப்பக்கமா, வலமா?
உள்ளே திறக்குமா, வெளியேயா?
பெயிண்ட் எவ்வளவு உரிந்திருக்கலாம்?
அப்பா ராத்திரியில் கொண்டி போடுகிறவரா?

கதை டொலீடோவில், டிசம்பரில்.
படப்பிடிப்பு ஜார்ஜியாவில், ஆகஸ்டில்.
இங்கேதான் வரி குறைவாம்.
வாடகை வீட்டு முற்றம் முழுக்க
உருளைக்கிழங்குச் சீவல் பனி.
பனிக்கு எறும்பு வந்துவிட்டது.
கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகும் பாடகர் குழுவை
மரநிழலில் உட்காரவைத்து
ஐஸ் கொடுக்கிறார்கள்.

டனீஷா, இயக்குநர், சின்னப் பெண்.
மரியாதையாகத்தான் கேட்டாள்:
"மிஸ் ஒஸெல்லா, அப்பா ஏன் கதவைத் திறக்கிறார்?"
பாட்டு வருகிறதே, என்றேன்.
நாற்பது குரல். ஏழு நிமிஷம்.
சுருதி மூன்று படி ஏறும்.
அதற்கப்புறம் எந்தக் கதவு மூடிக் கிடக்கும்?
"சபையில் சரி.
இங்கே கேமரா அவர் கண்ணிலிருந்து
ஒரு முழம் தள்ளி நிற்கும்.
நாற்பது பேருக்கு இடமில்லை."
பெத்லகேம் சத்திரக்காரன் மாதிரியே சொன்னாள்.

அப்பாவாக நடிப்பவர் க்ளியோத்தா டில்மன்.
ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
முதல் டேக்கில் கதவைத் திறந்து
"மகனே" என்றவர்
அப்படியே நின்றுவிட்டார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில்
பின்வரிசைப் பெண்கள் ஆமென் சொல்வார்கள்,
விசிறியால் முழங்காலைத் தட்டிக்கொண்டே.
அது ஓய்வதற்காகக் காத்திருந்தார்.
விளக்குகள் கொதித்தன. ஒரு ஈ சுற்றியது.
கட், என்றாள் டனீஷா.

அன்றிரவு மோட்டலில்
பாட்டை எடுத்துவிட்டேன், ஏழு நிமிஷத்தையும்.
பேனா மக்கர் செய்தது.
உதறி உதறி அடித்தேன்.

போதகர் போனில் கத்தினார்:
பாட்டில்லாமல் கிறிஸ்துமஸா?
கடைசியில் பேர் ஓடும்போது வரும், என்றேன்.
அப்போது ஜனம் எழுந்து போய்விடுமே!
சபையிலும் அப்படித்தானே போதகரே,
காணிக்கைத் தட்டு வரும்போது.

பாட்டு இருந்த இடத்தில் இதை வைத்தேன்:
மகன் தட்டவே இல்லை.
வண்டியை அணைத்துவிட்டு
காரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.
வெட்கமாகி, திரும்பிப் போகப் பார்க்கிறான்.
சாவி திரும்புகிறது. வண்டி இருமுகிறது. செத்துப்போகிறது.
மறுபடி. மறுபடி.
ஆறு வருஷம் மகனைக் கேட்காத காது
பேட்டரியைக் கேட்டுவிடுகிறது.
ஜம்பர் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு
வீட்டுச் செருப்போடு பனியில் வருகிறார்.
"பானெட்டைத் திற."
அவ்வளவுதான் வசனம்.

அத்தனை பேச்சுப் பேசிச் செய்த கதவு
அவருக்குப் பின்னால், மங்கலாக,
திறந்தபடி கிடக்கிறது.
கைப்பிடி எந்தப் பக்கம் என்று
படத்தில் தெரியாது.

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றினார்.
"கேபிள் மாட்டும்போது யாரோ முனகுகிறார்கள்.
இன்னொன்று எடுப்போமா?"
டில்மன் தலையைக் குனிந்துகொண்டார்.
தன்னை அறியாமல் வந்துவிட்டதாம்.
நான் அடித்த பாட்டு,
மூன்றாவது படியில்.
இருக்கட்டும், என்றேன்.

டனீஷாவிடம் ஒன்று சொல்லவில்லை.
எங்கள் வாசலில் வந்து நின்ற
என் தம்பி லெமுவேலின் கார்.
மாடி ஜன்னலில் திரைச்சீலையைப் பிடித்தபடி நான்.
கீழே அப்பா கொண்டி போட்ட சத்தம்.
முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது வண்டி.
புது பேட்டரி.
தூரப் பயணம் என்று
அந்த வாரம்தான் மாற்றியிருந்தான்.