என்கிற

பட்டியல் வெளிநாட்டில் வந்தது.
ராயபுரத்தில் அப்போது மின்வெட்டு.
செல்போன் வெளிச்சத்தில் படித்தோம்:
அரவாலி என்கிற அரவாஷி
என்கிற அறவாளி,
பிறந்த ஊர் மெட்ராஸ்.

எங்கள் தெருவிலும் ழ வராது.
அறவாயிதான் அவர்.
அந்தப் பெயரை மட்டும் காணோம்.

எண்பத்தாறில் அவர் சுவர் எழுதுவார்,
நான் நீல வாளி பிடிப்பேன்.
அறவாழி என்று முடிக்கையில்
ழகரத்தின் வாலைப்
பக்கத்து வீட்டுச் சுவர்வரை இழுப்பார்.
அதற்காகவே ஒருமுறை அடி வாங்கினோம்.
பிறகு வட்டம், மாவட்டம், வாரியம்,
கோட்டையில் கடல் தெரியும் அறை.

எண்ணூரில் ஒரே இரவில்
பெயர் மாற்றிக்கொண்ட இரண்டு கப்பல்களைப் பற்றி
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பெயின்ட் வாங்கிய பில்
என் கையெழுத்தில் இருக்கிறது.

விடியுமுன் தம்பிகள் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்:
'வல்லரசையே அலறவிட்ட வடசென்னை வேங்கை!'
பசை காயவில்லை,
மாடு ஒன்று வேங்கையைத் தின்றது.

எடின்பரோவில் மகளுக்குக் கட்டிய பணம்
திரும்பி வந்தது.
வங்கி மேலாளர் எழுந்து நின்றுதான் பேசினார்,
நாற்காலியைக் காட்டவில்லை.
மேடைக்கு வருவதாகச் சொன்ன மாவட்டத்துக்குத்
திடீரென்று முதுகுவலி.

இரவு பத்தரை.
கல்மண்டபம் டீக்கடை.
காரைத் தூரத்தில் நிறுத்தச் சொன்னார்.
சட்டைப்பையில் கைவிட்டு
வெறுங்கையை எடுத்து,
"கணக்குல எழுதிக்கோ" என்றார்.

பையன் புதுசு.
நோட்டைப் பிரித்து,
பேனாவை உதறிக் கேட்டான்:
"இன்னா பேரு சார்?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் டம்ளரைப் பார்த்தேன்.