சரிவு

காது வலி பகலில் வருவதில்லை.
பகலெல்லாம் மூக்கொழுகத் திரிவான் நிரோஷன்;
அவனைப் படுக்க வைத்தால்தான் அது எழுந்து உட்காரும்.
மூன்று மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு
லைன் வீட்டின் ஏழடியை
எத்தனை தரம் நடந்தேனோ.
நிமிர்த்திப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும்.
விடியும்போது தலையணையில்
கஞ்சி காய்ந்த மாதிரி ஒரு வட்டம்.
உடைந்துகொண்டது. அவன் தூங்குவான்,
நான் ஃபேக்டரிக்குப் போவேன்.

பூண்டு தட்டிப் போட்ட எண்ணெய் என்றாள்
பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்.
ஊற்றினேன். ஒத்துக்கொள்கிறேன்.
குன்னூரில் டாக்டர் ஹெப்சிபா
முதலில் திட்டியது அதற்குத்தான்.
பிறகு மருந்துச் சீட்டைத் திருப்பி
ஒரு கோடு போட்டார்,
நகத்தளவு, ஏறக்குறைய படுத்த கோடு.
"இது இவனுக்கு. மூக்குக்குப் பின்னால் தொடங்கி
காதோட உள்ளறைக்குப் போற குழாய்."
இன்னொன்று நீளம், சாய்வு.
"இது உங்களுக்கு."
சளி இவனுக்குச் சுலபமாக ஏறிவிடுகிறது,
இறங்கத்தான் வழியில்லை.
வளர வளர முகம் நீளும், குழாய் சாயும்.
"ஏழு வயசு வரைக்கும் பொறுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.
கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம்
கோத்தகிரித் தோட்டத்தில் கான் வெட்டியவள் நான்.
தண்ணீர் நின்றால் தேயிலை வேர் அழுகும்.
மட்டமாக வெட்டிய கான் கானே இல்லை, குட்டை.
ஆனால் இந்தக் கானை யார் வெட்டுவது?
கங்காணி இல்லை, கயிறு பிடித்துப் பார்க்க ஆளில்லை.
ஒரு காய்ச்சலுக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் நடுவே
இருட்டில், எலும்பு தானாக.

கதவு நிலையில் பென்சிலால் அவன் உயரம் குறித்தேன்.
அது வெளியே வளர்ந்த கணக்கு.
கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று
டீச்சர் முன் பெஞ்சுக்கு மாற்றினார்.
ஐந்து வயதில் இடது பக்கம். மறுபடி இடது.
ஆறில் ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றுமில்லை;
நம்பாமல் நான் நடு இரவில் எழுந்து
தலையணையை முகர்ந்து பார்ப்பேன்.

போன மாதம் மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில்
ஒரு வளைவில் வாய் பிளந்து கொட்டாவி விட்டு
"அம்மா, டப்புனு திறந்திருச்சு" என்றான்.
பின் சீட்டில் யாரோ முறுக்கு கடிக்கிறார்களாம்.

எனக்குக் கேட்கவில்லை.
பதினோரு வருடம் ரோலர் பக்கத்தில் நின்ற காது.

நேற்று ராத்திரி என்னை உலுக்கினான்.
பதறி நெற்றியைத் தொட்டேன்; குளிர்ந்திருந்தது.
"வலிக்குதா?"
"சத்தம் போடாத. வெளிய காட்டெருமை.
நம்ம சௌசௌ கொடியத் தின்னுது."

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
அவன் சொல்லச் சொல்ல.
இப்ப மெல்லுது.
இப்ப மூச்சு விடுது.
இப்ப... இரு,
இன்னொண்ணும் வருது.