விழிப்புகள்

நாரின் ஆற்றுக்கு மேலே, அளவைக் குடிலில்
மின்சாரம் போய் இரண்டாம் நாள்.
சூரியத் தகட்டின்மேல் முழங்கை ஆழப் பனி.
குளிரில் பேட்டரி செத்துவிடக் கூடாதென்று
இரவெல்லாம் என் போர்வைக்குள் படுத்திருந்த மடிக்கணினி
காலையில் சொல்கிறது:
இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம்.
ஏற்ற வேண்டியதோ மூன்று மாத நீர்மட்டம்.

லினக்ஸ், எதையும் மூடி மறைக்காது.
கருப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினேன்.
யார் யார் அதைத் தூங்கவிடாமல் எழுப்புகிறார்கள் என்று
பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது.
யாரையும் பார்க்காத கேமரா.
விசைகளுக்கு அடியில் வீணாய் எரியும் வெளிச்சம்.
இந்த மலையில் இல்லாத வைஃபையைக்
கதவு கதவாகத் தட்டிக் கேட்கும் ஒரு சில்லு.

ஒவ்வொன்றாக வாயை அடைத்தேன்.
திரையை மங்க வைத்தேன், எண்கள் தெரிந்தால் போதும்.
செயலியிடம் சொன்னேன்: ஓடாதே, நட.

கடைசியில் புளூடூத்.
விநாடிக்கு ஒருமுறை எழுந்து
குபாத்தின் ஹெட்போனைத் தேடிக்கொண்டிருந்தது.
அவன் மாஸ்கோ கிடங்கொன்றில் பெட்டி தூக்கப் போய்
இது இரண்டாம் குளிர்காலம்.
இத்தனை நாளும் தேடியிருக்கிறது,
என் மின்சாரத்தில்.

அணைத்தேன்.
மறந்துவிடவா என்று பக்கத்தில் ஒரு பொத்தான்.
அதை மட்டும் தொடவில்லை.

நான்கு மணி பத்து நிமிடம் என்றது மூலையில்.
அப்புறம் விசிறி நின்றது.
டிசம்பரிலிருந்து அந்த இரைச்சலுக்குள்தான் இருந்திருக்கிறேன்.
குடிலுக்குக் கீழே, உறைந்த பரப்புக்கும் அடியில்
தண்ணீர் நகரும் சத்தம்.

மார்ச் ஒன்பது, என்று தட்டினேன்.
உருகல் தொடங்கியிருக்கலாம்.
துளையிட்டுப் பார்க்க வேண்டும்.