மூன்றாம் வரிசை

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் ஒன்றை மட்டும் நகலெடுத்து
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
கொப்பரைக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தார்கள்,
தீயணைப்பானுக்கும் போன மாதக் காலண்டருக்கும் நடுவில்.

பக்கம் நூற்றுப் பதினான்கு, அட்டவணை ஏழு:
வெந்த தக்கைப் பட்டை
அறுப்புக்குப் போகுமுன்
எத்தனை நாள் ஆற வேண்டும்.

மற்ற பக்கங்களை எதற்கு எழுதினாய் என்று
அந்தச் சுவர் கேட்கவில்லை.
நன்றியுரையில் பெயர் விட்டுப்போனதற்காக
இன்றும் என்னோடு பேசாத ஒருவன் இருக்கிறான்.
அந்தப் பக்கமும் இங்கே இல்லை.

பதினோரு ஆண்டு கழித்து வந்திருக்கிறேன்,
'ஆய்வின் தொழில்துறைப் பயன்' என்றொரு படிவத்தை நிரப்ப.
யாருக்குப் பயன்பட்டது, எவ்வளவு, யூரோவில் சொல்
என்கிறது எவோராவில் என் துறை.

அலென்டேஜு வெயில்
தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது.
கொப்பரைத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.
நான் சுவரையே பார்த்தேன்.
மூன்றாம் வரிசையில் என் நான்கை யாரோ அடித்திருந்தார்கள்.
பக்கத்தில், சிவப்புப் பென்சிலில், ஒன்பது.

'அச்சுப்பிழை' என்றாள் ஒடீலியா செரெஜு,
கையுறையைக் கழற்றாமலே.
'நாலு நாளில் எடுத்தால் பலகை நடுவில் பிளந்தது.
மூணு லோடு போச்சு.
முதலாளி உங்களைத் திட்டினார், உங்க பெயரைச் சொல்லியே.
நான் மற்ற வரிசைகளைப் பார்த்தேன்.
ஐந்து, ஏழு, நாலு, பதினொன்று.
படி ஏறும்போது ஒரு படி பள்ளமாக இருந்தால்
கால் சொல்லிவிடாதா?'

ஐந்து தேர்வாளர்கள்.
கறுப்பு அங்கி, மூன்று மணி நேரம்,
முன்னுரையின் ஒரு காற்புள்ளிக்கு மட்டும் இருபது நிமிடம்.
ஒருவர் காலும் இடறவில்லை.
என் காலும்தான்.

'எனக்கு எழுதியிருக்கலாமே?'
'புத்தகத்தில் போன் நம்பர் இல்லையே.'

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
என் சுரைக்காயை இவர்கள் சமைத்தே தின்றிருக்கிறார்கள்,
கசந்த துண்டை எடுத்து எறிந்துவிட்டு.

அடுத்த தெருவில் தொழிற்பள்ளி.
பதினாறு வயதுப் பையன் ஒருவன் பலகையில் எழுதினான்:
ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று.
அடியில், வாத்தியார் சொல்லச் சொல்ல:
'இரியா வலாதரேஷ் கண்டறிந்தபடி.'
கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த
இரியா வலாதரேஷுக்கு
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் தக்கை மரங்கள்,
உரித்த இடம் செந்தோலாக.
ஒவ்வொரு தண்டிலும் வெள்ளை வண்ணத்தில் ஓர் எண்,
உரித்த ஆண்டின் கடைசி இலக்கம்.
ஒன்பது ஆண்டு போன பிறகுதான் மறுபடி கோடாலி.
தப்பாகப் படித்தால் மரம் சாகும்.
அதனால்தானோ என்னவோ
இங்கே நான்கின் தலையைத் திறந்தே எழுதுகிறார்கள்.

வீட்டில், பரணில், பழைய ஆய்வக நோட்டு.
மார்ச் பதினேழு, மூன்றாம் மாதிரி.
என் கையெழுத்துத்தான்.
தலை மூடிய ஒரு கிறுக்கல்,
நான்கு என்றால் நான்கு, ஒன்பது என்றால் ஒன்பது.
சாய்த்துப் பார்த்தேன்.
வாலில் ஒரு வளைவு.
ஒன்பதுதான்.
சரியாகத்தான் அளந்திருக்கிறேன்.
தட்டச்சு செய்த இரவில்
என்னையே எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

யூரோக் கட்டத்தில் மூன்று லோடு நட்டம் என்று எழுதினேன்.
துறைத்தலைவர் சிரிக்கவில்லை.

பிறகு நூலகத்துக்கு, திருத்தப் படிவம்.
பக்கம் 114. 4 என்பதை 9 என்று வாசிக்கவும்.
பிழையைக் கண்டவர்: ஒடீலியா செரெஜு.
மூன்றாம் நாள் திரும்பி வந்தது.
கண்டவரின் கல்வித் தகுதி
குறிப்பிடப்படவில்லையாம்.

அந்தக் கட்டம் சின்னது.
ஒரு சொல்தான் கொள்ளும்.
'பயன்படுத்தியவர்' என்று எழுதி
மறுபடி அனுப்பியிருக்கிறேன்,
சிவப்புப் பென்சிலில்.