தாடைக்குக் கீழே

பரமட்டா, சர்ச் தெருத் திருப்பம்.
நீலவிளக்கு என் பக்கக் கண்ணாடியில்
இரண்டு முறை சிமிட்டியது.
ஓரங்கட்டினேன்.
பின்பெட்டியில் யாருக்கோ போக வேண்டிய
இரண்டு பிரியாணி, ஒரு ரைத்தா.

ஆடி மாதம். இங்கே அது நடுக்குளிர்.
வந்தவளுக்கு மூக்கு சிவந்திருந்தது.
உரிமத்தை டார்ச்சில் பிடித்து
பெரி… நே… காம் என்று
என்னை மூன்று துண்டாக்கினாள்.
பரவாயில்லை. பெரியநாயகம் நீளம்தான்.

தலைக்கவசம் இருந்தது.
வாரைத்தான் மாட்டவில்லை.
கட்டு அவிழ்ந்த கேஸ் கோப்பின் நாடாபோல
அது இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குள் என் வலக்கை
என்னைக் கேட்காமலே சட்டைப்பைக்குக் கிளம்பிவிட்டது.
நல்லவேளை, மேலே மழைக்கோட்டு.
நோட்டை நாலாக மடித்து
உரிமத்துக்கு அடியில் வைத்து நீட்டுவது
பழகிய கைக்கு மறக்குமா
என்று எழுத நினைத்தேன்.
பொய். கொடுத்துப் பழகிய கை அல்ல இது.
வாங்கிய கை.
கொடுப்பதை எதிரில் நின்று பார்த்தே கற்றது.

விருத்தாசலம் பாலக்கரை முக்கில்
பதினொரு வருடம், வெள்ளைச் சட்டையில்.
அவசரம் சார்.
ஸ்கூல் விட்டுடும் சார்.
வட்டச் செயலாளர் நம்ம சித்தப்பா சார்.
ஐம்பது. மாசக் கடைசியென்றால் நூறு.
ரசீது கேட்டவனை
வண்டியோடு வெயிலில் காயவைத்தேன்.
கேட்காதவனை
வெறுந்தலையோடு நெடுஞ்சாலைக்கு அனுப்பினேன்.
ஒருவன் சல்யூட் வைத்துவிட்டுப் போனான்.
பெட்ரோல் டாங்க் மேல் குழந்தை.
அவன் தலைக்கவசம் அதன் மடியில்,
சோற்றுச் சட்டி மாதிரி.

வீடு சேர்ந்தார்களா, தெரியாது.
அந்த ஐம்பதில் அதுவும் அடக்கம்,
தெரிந்துகொள்ள வேண்டாம் என்பது.

புரிகிறதா என்று கேட்டாள்.
மார்பில் குட்டிக் கேமரா, சிவப்புப் புள்ளி.
குரலில் இரக்கமும் இல்லை, உருட்டலும் இல்லை.
தொகையைச் சொன்னாள்.
நாலு நாள் ஓட்டம்.
பேரம் பேச வாய் வரவில்லை.
வெட்கம் என்று நினைக்க வேண்டாம்,
இங்கிலீஷ்.

பிறகு தன் தாடைக்குக் கீழே
இரண்டு விரலைச் செருகிக் காட்டினாள்.
இவ்வளவு இடம் போதுமாம்.
இதற்கு மேல் தளர்ந்தால்
விழும்போது கவசம் ஒரு திக்கு, தலை ஒரு திக்கு.
என் விரல்கள் விறைத்திருந்தன.
கொக்கி இரண்டு தடவை நழுவியது.
நின்றாள்.
'க்ளிக்' கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

பிரியாணிக்காரர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்.

ஜெசிந்தாவுக்கு இரவுப் பணி.
வெஸ்ட்மீட்டில், தலையில் அடிபட்டு வருகிறவர்களின்
காதோரம் துடைக்கிற வேலை.
அபராதத்தைப் பற்றி
தெருவிளக்கடியில் நின்றபடி செய்தி அனுப்பினேன்.
அரைமணி கழித்து ஒற்றைச் சொல் வந்தது:
கட்டிடு.

எதை என்று நான் கேட்கவில்லை.
அடுத்த ஆர்டர் மெரிலண்ட்ஸுக்கு.
நாலு பரோட்டா, சால்னா தனியாக.