மூன்றாம் கணு

கையேட்டில் நோட் என்று போட்டிருக்கிறது.
கரும்பில் இருப்பதுதானே, நான் கணு என்கிறேன்.
தாராவி கிராஸ் ரோட்டில் நாலு பேருக்கு அது புரியும்.
ஆபீசில் யாருக்கும் புரியாது.
யேசுவடியான் என்ற என் பெயரையே
யேஷு என்று நறுக்கிக்கொண்டவர்கள்.

சோப்பு டப்பா அளவு. உள்ளே
ஒரு காது, ஒரு வாய், கடுகளவு மூளை,
இரண்டு பேட்டரி.
நாலாவின் மேல் குப்புறத் தொங்கி
தண்ணீரை நோக்கி ஒலியை எறியும்,
அது திரும்பி வரும் நேரத்தை எண்ணும்.
குரல் எட்டுவது எழுபது மீட்டர்.
மழையில் ஐம்பது.
குறுக்கே டேங்கர் லாரி நின்றால் ஒன்றுமில்லை.

மே மாதம் முழுக்க இருபத்துமூன்றைக் கட்டினேன்.
பாலத்தின் வயிற்றில், குழாயின் முதுகில்,
பேக்கரிக்காரரின் புகைபோக்கியில் ஒன்று
(மாதம் இரண்டு கிலோ பாவ் வாங்குவதாக ஒப்பந்தம்).
மூடியைத் திருகிய உடனே ஒவ்வொன்றும் கேட்டது:
நான் இருக்கிறேன், வேறு யார் இருக்கிறீர்கள்?
பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர்.
அதற்கு மேல் அதற்கு ஊர் தெரியாது.
இருபத்துமூன்று சொன்னதை இருபத்திரண்டு வாங்கி
இருபத்தொன்றிடம் கொடுக்கும்,
அப்படியே தாவித் தாவி
பம்ப் அறையில் உள்ள சிங்க்கில் வந்து விழும்.
பாத்திரம் கழுவுவது இல்லை.
ஆனாலும் எல்லாரும் தின்றது கடைசியில் அங்கேதான்.

தூங்குவதுதான் கணுவின் உத்தியோகம்.
பத்து நிமிடத்துக்கு இரண்டு நொடி விழிப்பு.
எல்லாம் ஒரே நொடியில் விழிக்க வேண்டும்,
இல்லாவிட்டால்
பேசுகிறவன் தூங்குகிறவனிடம் பேசிக்கொண்டிருப்பான்.

எனக்குப் பாவமாக இருப்பது மூன்றாம் கணுதான்.
ஒன்றும் இரண்டும் மதகுக்கு வெளியே, கடல் பக்கம்;
தம் பாட்டைத் தாமே பாடிக்கொள்ளும்.
மூன்று உள்ளே, மதகை ஒட்டி.
மேலே உள்ள இருபது பேரின் சொல்லும் அதன் தோளில்.
சிங்க்குக்கு அருகில் இருப்பதுதான் முதலில் சாகும்.
இது நான் சொல்வதில்லை, கையேட்டிலேயே இருக்கிறது,
ஒரு வரைபடத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில்.

ஜூலை. விடியற்காலை மூன்று பன்னிரண்டு.
கடல் முழு ஏற்றத்தில்.
திரையில் முதலில் மூன்று உயர்ந்தது.
அப்புறம் நான்கு. அப்புறம் ஐந்து.
இருபத்துமூன்று சும்மா இருந்தது.
மழைத்தண்ணீர் மேலிருந்தல்லவா இறங்க வேண்டும்?

கடிகாரம் குழம்பிவிட்டது, என்றேன்.
பேட்டரி இறங்கினால்
கணு ஒரு கணம் செத்துப் பிறக்கும்,
பிறந்ததும் நேரத்தை உளறும்.
மூன்றின் வரிசைக்கு எதிரே
பிழை என்று குறித்தேன்.
மதகு மூடியிருப்பதாகப் பச்சை விளக்கு எரிகிறதே.

ஹர்ஷதா கோலேகர், மதகு ஆபரேட்டர், காண்டிராக்ட்,
என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்தாள்.
"நாலும் உளறுதா? அஞ்சும்?"
டார்ச்சை எடுத்துக்கொண்டு
செருப்பில்லாமல் போனாள்.

மதகின் இடுக்கில் ஒரு மெத்தை.
இரட்டைக் கட்டில் மெத்தை, பூப்போட்டது.
மோட்டார் முக்கி நின்றதை
மூடியாயிற்று என்று எடுத்துக்கொண்டது பச்சை விளக்கு.
கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது,
மூன்று, நான்கு, ஐந்து என்று
ஒழுங்காக, வரிசையாக.

கொக்கி போட்டு இழுத்தோம். பாதி கிழிந்து வந்தது,
மீதி தானாகப் போயிற்று. மதகு இறங்கியது.

மூன்று நாற்பதுக்கு மூன்றாம் கணு நின்றது.
இருபது பேரும் ஊமையானார்கள்.
பதினொரு நிமிடம்.
நான்கு கத்திக் கத்தி வழி தேடியிருக்க வேண்டும்.
கடைசியில் பேக்கரிப் புகைபோக்கியில் இருந்தது கேட்டது,
சுற்றுவழிதான், மெலிந்த சிக்னல்தான்,
ஆனால் தேக்கிவைத்த பதினொரு நிமிடமும்
மொத்தமாக வந்து கொட்டியது.

விடிந்ததும் பேட்டரி மாற்றினேன்.
டப்பாவைத் துடைத்தபோது
அதனிடம் ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது.
சொல்லவில்லை. ஹர்ஷதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட பிழைக் குறி இன்னும் பதிவேட்டில் இருக்கிறது.
அதை அழிக்கும் உரிமை எனக்கில்லை,
தானே ஆபீசில் ஒருவருக்குத்தான் உண்டு.
மூன்று முறை அனுப்பிவிட்டேன்.
அவர் விழிக்கும் நொடி எதுவென்று தெரியவில்லை.